நரி முகத்தில் விழித்த குடும்பம்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோலி வளர்க்கிறோம் என்று சொன்னால், கேட்பவர் வயதைப் பொறுத்து அடுத்த கேள்வி வரும். ஐம்பதைத் தாண்டியவருக்குக் கோலிக்குண்டு ஞாபகம் வந்து, "அதை எப்படிங்க வளர்க்கிறது?" என்பார். கொஞ்சம் இளையவர் கோலி சோடா என்று எடுத்துக்கொண்டு, "சொந்தக் கம்பெனியா?" என்று விசாரிப்பார். சிறுசேரியில் எங்கள் அடுக்குமாடி வாசலில் இருக்கும் காவலாளித் தம்பி மூன்றாவது ரகம். குடிவந்த அன்று பதிவேட்டில் 'நாய் ஒன்று, கோலி' என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "சார் பெங்களூர் டீம் ஃபேனா?" என்றான். நாய்க்குக் கிரிக்கெட் வீரர் பெயர் வைத்திருக்கிறேன் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். அது பெண் நாய் என்று சொன்னதும் எடுபடவில்லை. ஒவ்வொரு ஐபிஎல் முடிவிலும் அதன் தலையைத் தடவி, "விடு தலைவா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தேற்றுவான். 2025இல் பெங்களூர் ஒருவழியாகக் கோப்பையை வாங்கியபோது அதற்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கிடைத்தது. எங்கள் குடும்பத்து நாய் ஒன்று மேடையேறாமலே வாங்கிய பரிசு அது ஒன்றுதான்.

இது குண்டும் இல்லை, சோடாவும் இல்லை, விராட்டும் இல்லை. ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் ஆடு மேய்க்க வைத்திருந்த நாய். கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி, நீண்டு மெலிந்த முகம், முன்பக்கம் மடங்கிய காது நுனி, உடம்பெல்லாம் முடி. அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு முடி. 1860களில் விக்டோரியா மகாராணி பால்மோரல் அரண்மனைக்குப் போன இடத்தில் இதைக் கண்டு பிரியப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆட்டுக்காரன் வாசலில் படுத்துக்கிடந்த நாய்க்கு அன்றிலிருந்து சுக்கிர திசை. சீமாட்டிகள் மெத்தைக்குக் கொண்டுபோனார்கள், கண்காட்சியில் நிறுத்தினார்கள், வம்சாவளி எழுதினார்கள். ஆடு மட்டும் மறந்துபோயிற்று.

மிச்சத்தை சினிமா பார்த்துக்கொண்டது. எரிக் நைட் 1940இல் லாஸி என்ற கோலி நாயை வைத்து ஒரு நாவல் எழுத, 1943இல் அது படமாக வந்தது. கதையில் லாஸி பெண். நடித்த நாயோ பால் என்ற ஆண். பெண் நாய்க்கு முடி அதிகம் உதிரும், படப்பிடிப்பின்போது மொட்டையாக நிற்கும் என்பது காரணம். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்கள் வளர்ந்து, குரல் உடைந்து, ராஜபார்ட்டுக்குப் போனார்கள். பாலுக்கு அந்தப் பதவி உயர்வு கடைசிவரை கிடைக்கவில்லை. அதன் பிள்ளை, பேரன் என்று வாரிசுகளும் அதே பெண் வேடத்தில் அதே பெயரில் நடித்தார்கள். வாரிசு நடிகர்கள் என்று நாம் கோடம்பாக்கத்தைக் குறை சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்துக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு கிராமபோன்.

என் தாத்தா தாம்பரத்தில் ரயில்வே குமாஸ்தா. 1960களின் கடைசியில் பெரம்பூர், பரங்கிமலை, பல்லாவரம் பக்கமிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. தாத்தாவுக்குப் பழக்கமான ஓர் எஞ்சின் டிரைவரும் கிளம்பினார். வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டு, தாத்தா கிராமபோனைக் குறிவைத்துச் சைக்கிளை மிதித்தார். கிராமபோன் அதற்கு முந்தின நாளே கைமாறியிருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத டிரைவர், ஒரு பழைய கோட்டையும் பத்து மாதப் பெண் நாய் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

"பாட்டுப் பொட்டி வாங்கப் போனீங்களே, இது பாடுமா?" என்று பாட்டி கேட்டாராம்.

"குரைக்கும்" என்றார் தாத்தா.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் பாட்டி உள்ளே போய்விட்டார். எங்கள் குலத்தொழில் இப்படித்தான் தொடங்கியது.

நாயோடு கூட ஒரு காகிதம் வந்தது. அதன் அப்பா, அம்மா, அவர்களின் அப்பா அம்மா என்று நான்கு தலைமுறைப் பெயர்கள் தட்டச்சு செய்யப்பட்டு, இந்திய கென்னல் கிளப் முத்திரையோடு இருந்தன. 1896இல் ஆரம்பித்த கிளப் அது. இப்போது அதன் தலைமையகமே நம் சென்னையில்தான். தாத்தா அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அவருக்குத் தன் தாத்தாவின் பெயர் வரைதான் தெரியும். அதற்கு மேலே யாராவது கேட்டால், "அவங்கெல்லாம் நல்லா வாழ்ந்தவங்க" என்று முடித்துக்கொள்வார். நான்கு தலைமுறை எழுத்தில் இருந்த ஒரே ஜீவன் எங்கள் வீட்டில் அந்த நாய்தான். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் கூடத்தில் மாட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றதாக அப்பா சொல்வார்.

தெருவில் யாரும் அதை நாய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்து 'நரி' என்றார்கள். முதலில் தாத்தாவுக்குக் கோபம். பிறகு அதில் ஒரு லாபம் தெரிந்தது. தமிழ்நாடு அரசு லாட்டரி வந்த காலம் அது. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பது ஊரறிந்த விஷயம். காட்டில் போய் நரியைத் தேடுவதைவிட ரயில்வே குவார்ட்டர்ஸில் கட்டியிருக்கும் நரி சௌகரியம். சீட்டு வாங்கும் அன்று விடிகாலையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட் வரை தடவி வந்து, நாய்க்கு எதிரில் கண்ணைத் திறப்பார்கள். தினமும் அந்த முகத்தில் விழித்த எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஐந்து ரூபாய்ப் பரிசுகூட விழுந்ததில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. 2003இல் லாட்டரியைத் தடை செய்தபோதுதான் எங்கள் கேட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

அடுத்த கட்டம் இனவிருத்தி. அங்கேதான் பாட்டி உள்ளே வருகிறார். ரயில்வே ஊழியர் அனுமதி வாங்காமல் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. குட்டி விற்றால் வியாபாரமா, தர்மமா என்று மேலதிகாரியைக் கேட்கத் தாத்தாவுக்குத் துணிவில்லை. நாயைப் பாட்டி பெயருக்கு மாற்றிவிட்டார். கென்னல் கிளப் கணக்கில் பிரசவ நேரத்தில் தாய் நாய் யாருக்குச் சொந்தமோ அவர்தான் 'பிரீடர்'. எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குட்டியின் காகிதத்திலும், ஒவ்வொரு கண்காட்சிப் பட்டியலிலும் இங்கிலீஷில் அச்சானது பாட்டியின் பெயர். நாயைக் கண்டாலே "ச்சீ, தள்ளிப் போ" என்ற பாட்டிதான் தென்னிந்தியாவில் கோலி வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் புள்ளி. பெங்களூரிலிருந்து அவர் பெயருக்குக் கடிதங்கள் வரும். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தாத்தா அதைப் பெரிய பாதுகாப்பாக நினைத்திருந்தார்.

மாப்பிள்ளை தேடுவது சுலபமாக இல்லை. சென்னையில் இருந்த ஒன்றிரண்டு ஆண் கோலிகளும் எங்கள் நாய்க்குச் சொந்தம். நெருங்கிய ரத்தத்தில் கூடாது, பிள்ளைகளுக்குக் கண்ணில் கோளாறு வரும் என்று எஞ்சின் டிரைவர் சொல்லியிருந்தார். கோலிகளுக்குப் பிறவியிலேயே விழித்திரைப் பக்கம் ஒரு குறை வருவதுண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் அது வெளியே தெரியும். சொந்தத்துக்குள்ளேயே சுற்றினால் இரண்டும் சந்திக்க வாய்ப்பு அதிகம். இதைத் தாத்தா ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினார். விளக்கியவர் கட்டியிருந்தது தன் சொந்த அக்கா மகளை.

பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நாய்க்குன்னா மட்டும் வெளிச்சம்பந்தம் தேடுறீங்களே மாமா" என்றார். தாத்தா அதற்குப் பிறகு அந்தத் திண்ணையில் உயிரியல் பேசியதில்லை.

கடைசியில் பெங்களூரில் ஒரு வரன் அமைந்தது. இந்தச் சம்பந்தத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறக்கும் குட்டிகளில் அவர்கள் கைகாட்டும் முதல் குட்டியைத் தர வேண்டும். "அங்கயும் அதே கதைதானா" என்று பாட்டி பெருமூச்சு விட்டாராம். அறுபத்து மூன்றாம் நாள் ஏழு குட்டிகள். அந்த ராத்திரி தாத்தா நைட் டியூட்டி. 'ச்சீ, தள்ளிப் போ' பாட்டிதான் விளக்கைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து பிள்ளை பெற்றவளுக்கு உண்டான பத்தியம் ஆரம்பமானது. மஞ்சள் மட்டும் போட்டு அவித்த பால்சுறா, கேழ்வரகுக் கூழ், கொத்தெலும்புச் சாறு. ஸ்காட்லாந்தில் எந்த நாய்க்கும் பால்சுறா கிடைத்திருக்காது. ஏழு குட்டியும் பிழைத்தன.

குட்டி விற்ற பணத்தைத் தாத்தா எண்ணிக்கொண்டிருந்த சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆசிரியை வந்தார். காகிதத்தைக் கையில் எடுத்து, "அக்கா, உங்க பேருதானே போட்டிருக்கு? எல்லாமே உங்களதுதான்" என்று படித்துச் சொல்லிவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. முந்தானையை விரித்து நீட்டினார். நடத்தை விதியை நினைத்துக்கொண்டு தாத்தாவும் ஒன்றும் பேச முடியவில்லை. அந்த ஈற்றுக் குட்டிகள் இரண்டு பவுன் வளையலாயின. அடுத்த ஈற்றில் இன்னொரு ஜோடி. நகைக்குப் பெயர் வைத்த குடும்பம் எங்களுடையது. கெட்டி வளையலுக்கு 'மூத்தவ', நெளி வளையலுக்கு 'பெங்களூரு'. யாராவது "டிசைன் நல்லா இருக்கே, எங்க செஞ்சது?" என்று கேட்டால், "நாய் போட்டது" என்பார் பாட்டி.

தாத்தாவுக்குக் கிடைத்தது கோப்பைகள். கண்காட்சி என்றால் வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்பே கல்யாணக் களை வந்துவிடும். கோலிக்குக் காது மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முன்னால் மடிய வேண்டும். நேராக நின்றால் மதிப்பெண் போயிற்று. எங்கள் நாயின் இடது காது ரேடியோ ஏரியல் மாதிரி நிற்கும். அதை மடித்து ஒட்டிப் பழக்க வேண்டும். முதலில் சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையை வைத்துப் பார்த்தார் தாத்தா. எறும்பு வந்தது. அடுத்து, பபிள்கம்மை மென்று ஒட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் அவருடைய நான்கு தம்பி தங்கைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரிசையாக உட்கார்ந்து பபிள்கம் மெல்ல வேண்டும். மென்று பதம் வந்ததும் தாத்தா கையை நீட்டுவார், துப்ப வேண்டும். தித்திப்பு தீர்வதற்குள் பிடுங்கிக்கொண்டார் என்று என் சின்ன அத்தைக்கு இன்றுவரை மனக்குறை.

கண்காட்சி நாளன்று நாய்க்குச் சீவி, பவுடர் போட்டு, வாய் துடைத்து, நகம் தேய்த்து நிறுத்துவது பாட்டி. எஞ்சின் டிரைவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் ஓடுவது தாத்தா. நடுவர் வந்து நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். முடிக்குள் கையைவிட்டு விலாவைத் தடவுவார். ஆண் நாயாக இருந்தால் பின்பக்கம் போய், இரண்டும் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று கைவைத்துப் பார்ப்பார். அந்தக் கட்டத்தில் தாத்தா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு முக்கோணமாக ஓடச் சொல்வார்கள். பாட்டி முதல்முறை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "என்னைப் பாக்க வந்தப்ப உங்க பெரியம்மா, கால் சரியா இருக்கான்னு கெணத்தடிவரைக்கும் நடக்கவிட்டாங்க. பல்லைத் தொறந்து பாக்கல. அந்தமட்டுக்கும் மரியாதை" என்றார்.

ஊட்டிப் பயணம் தனிக்கதை. மே மாதம் அங்கே நடக்கும் நாய்க் கண்காட்சி பெயர்போனது. தாத்தாவுக்கு ரயில்வே பாஸ். குடும்பம் மொத்தமும் இலவசம். நாய்க்கு மட்டும் பாஸ் கிடையாது. கார்டு வண்டியில் நாய்ப் பெட்டிக்குப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதாவது நீலகிரி எக்ஸ்பிரஸில் எங்கள் குடும்பத்தில் முறைப்படி கட்டணம் செலுத்திப் பயணம் செய்த ஒரே ஆள் நாய்தான். அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு என்று வண்டி நின்ற இடமெல்லாம் தாத்தா சொம்புத் தண்ணீரோடு பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். மேட்டுப்பாளையத்தில் திறந்து பார்த்தால் நாய் பெட்டிக்குள் இல்லை. கார்டின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கார்டு வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாராம்.

மலை ஏறியதும் நாய்க்குப் புத்தி தெளிந்தது. பிறந்ததிலிருந்து தாம்பரத்து வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஜென்மம், நான்கு கால் பாய்ச்சலில் பனியில் புரண்டது. அதன் முகத்தில் 'இதைத்தானடா இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்ததாக அப்பா சொல்வார். குடும்பமோ ஒரே கம்பளிக்குள் ஏழு பேர். அந்த வருஷம் எங்கள் நாய்க்கு அதன் வகுப்பில் முதல் பரிசு. பெரிய வெள்ளி நிறக் கோப்பை. வகுப்பில் நின்றதே ஒரே ஒரு நாய்தான் என்ற தகவலைத் தாத்தா வாழ்நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. பாட்டி எல்லோரிடமும் சொன்னார்.

அப்பா காலத்தில் காற்று மாறிவிட்டது. 1980களில் எந்த வீட்டுக் கேட்டைத் திறந்தாலும் வெள்ளைப் பொமரேனியன் ஒன்று கணுக்காலைக் குறிபார்த்து வரும். கோலிக் குட்டியைக் கேட்டு வந்தவர்கள் அது வளர்ந்தால் என்ன உயரம் வரும் என்று தெரிந்ததும் மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். 2003இல் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையனுக்குப் பின்னால் பக் நாய் நடந்துபோனது. அவ்வளவுதான். மூக்கே இல்லாத அந்த நாய்க்கு ஊரே அலைந்தது. எட்டு அங்குல மூக்கை வைத்துக்கொண்டு எங்கள் நாய்கள் வாசலில் படுத்திருந்தன.

"அவ்வளவு ஆசைன்னா நம்ம ஊர் நாயை வளர்க்கலாமே?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரத்தில், சைதாப்பேட்டையில் அரசாங்கமே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கு இனவிருத்தி நிலையம் வைத்திருந்தது. 2005 ஜனவரியில் ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வந்தது. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017இல் இங்கிலீஷில் எழுதிய புத்தகத்தை என் மனைவி என் பிறந்தநாளுக்குப் பரிசளித்தார். பரிசா, நோட்டீஸா என்று நான் கேட்கவில்லை. ராஜபாளையம் என்றால் ஒரு துண்டை எடுத்து உதறினால் போதும், உடம்பில் முடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டில் சாம்பாரில் கருவேப்பிலையை ஒதுக்குவதற்கு முன் முடியை ஒதுக்கிப் பழகிய தலைமுறைகள் மூன்று. எதை விட்டுக்கொடுத்தாலும் பழக்கத்தை விடுவது கஷ்டம்.

சிரிக்க முடியாத ஒரு சம்பவமும் உண்டு. 1990களில் ஒரு நாய்க்கு உண்ணித் தொல்லை. ஓர் ஊசி போட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும், தெருவில் எல்லா நாய்க்கும் அதுதான் போடுகிறோம் என்று ஊசியை எடுத்துவிட்டார் ஒருவர். பாட்டி குறுக்கே நின்றுகொண்டார். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் யாரோ ஒரு டாக்டர், கோலிக்கு ஐவர்மெக்டின் ஆகாது என்று எப்போதோ சொன்னதைப் பெயர் சகிதம் ஞாபகம் வைத்திருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் 'ஐவருமெட்டின்' என்று சொல்லிச் சண்டை போட்டார். மூளைக்குள் மருந்து நுழையாமல் காக்கும் ஒரு மரபணு கோலிகளில் பழுதாகியிருக்கிறது என்று 2001இல்தான் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். பத்துக் கோலிக்கு ஏழில் அந்தப் பழுது உண்டு. மற்ற நாய்க்குச் சாதாரண மருந்து, இதற்கு விஷம். அன்று சாயங்காலம் முழுக்கப் பாட்டி பழைய சீப்பையும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் இடையிடையே "ச்சீ, தள்ளிப் போ" என்றுதான் சொன்னார்.

இப்போது சிறுசேரி. பதினான்காவது மாடி. ஐ.டி. பூங்காவில் வேலை என்பதால் இங்கே வந்தோம். மெட்ரோவின் மூன்றாம் வழித்தடத்துக்குக் கடைசி நிறுத்தம் இதுதான் என்று திட்டம் போட்டிருப்பதால் வருங்காலம் பிரகாசம் என்று தரகர் சொன்னார். நிகழ்காலத்தின் பிரகாசம் சித்திரை மாதத்தில்தான் தெரியும். தார்ச் சாலை சுடும் என்பதால் விடிகாலை ஐந்துக்கே நாயை இறக்க வேண்டும். ஒரு நாள் கொஞ்சம் தாமதமாகப் போய், கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். கழுத்தில் பட்டையோடு நாற்பது பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். எங்கள் நாய்க்கு என்ன தோன்றியதோ, சுற்றிச் சுற்றி ஓடி எல்லோரையும் நெருக்கி ஒரே கும்பலாக்கி, பேருந்துப் படியை நோக்கித் தள்ளிவிட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

நூற்றைம்பது வருஷத்து ரத்தம் விழித்துக்கொண்டது என்று எனக்கு ஒரே பெருமை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நிஜ ஆடு காட்டலாம் என்று ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போனேன். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடம் எழும்பிய பிறகும் அங்கே இருபது ஆடுகளை மேய்க்கும் ஆயா ஒருவர் உண்டு.

"இன்னா தம்பி இது, கரடியா?"

"நாய்தான் ஆயா. ஆடு மேய்க்கற நாய்."

"அப்டியா? நல்லதாப் போச்சு. அத்த மேய்க்கச் சொல்லு, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

ஆயா எழுந்திருக்கக்கூட இல்லை. ஒரு கிடா நாயை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தது. விக்டோரியா மகாராணி கண்டு மயங்கிய பரம்பரை, நான்கு தலைமுறை முத்திரைக் காகிதம், ஊட்டிக் கோப்பை எல்லாமாகச் சேர்ந்து என் முட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கிடா வந்து வால் முடியை முகர்ந்து பார்த்துவிட்டு மெல்ல ஆரம்பித்தது.

"அவங்க ஊர்ல ஆடே கெடயாதா?" என்றார் ஆயா. அவர் கையைத் தட்டியதும், பனைமர நிழலில் படுத்திருந்த, ஒரு காது கிழிந்த செவலை நாய் எழுந்து வந்து ஒரே ஒரு தடவை குரைத்தது. இருபது ஆடும் வரிசைக்கு வந்தன. என் நாயின் வாலும் விடுதலையானது.

"அது என்ன ஜாதி ஆயா?"

"அதும் அம்மாவே யாருன்னு தெரியல. அப்பனப் பத்திக் கேக்காத."

குடியிருப்பில் சங்கக்காரர்களுக்கும் எங்களுக்கும் முடிதான் பிரச்சினை. பால்கனியில் சீவினால் கடற்காற்றில் பறந்து, ஒன்பதாம் மாடியில் காயும் வடகத்தில் போய் இறங்குகிறது. நாயையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. குடியிருப்புச் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருப்பதை எடுத்துக் காட்டினேன். "வாரியம் வந்து வடகத்தைச் சாப்பிடுமா?" என்றார் ஒன்பதாம் மாடி அம்மா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இப்போது கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளியலறையில்தான் சீவல்.

சீவுவது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் ஆட்சி மாறியது. பாட்டிக்குப் பிறகு பிரீடர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் வந்தது. வளையல்களும் அம்மா கைக்கு வந்தன, சீப்போடு சேர்த்து. வளையல் போட்டவள் சீவ வேண்டும் என்பது பாட்டி வகுத்த முறை. எங்கள் கல்யாணத்தில் அம்மா 'மூத்தவ'ளையும் 'பெங்களூரு'வையும் என் மனைவிக்குப் போட்டு, சீப்பையும் நீட்டினார். என் மனைவி மறுநாளே வளையல்களை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வந்து, "கையில் வளையல் இல்லை, பாருங்கள்" என்று காட்டினார். அன்றிலிருந்து சீப்பு என்னிடம். தாத்தாவின் கோப்பைகள் முலாம் உரிந்து பித்தளை தெரிய, பரணில் ஒரு சாக்கில் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் பழைய பாத்திரக்காரர் தூக்கிப் பார்த்து, பதினோரு கிலோ வரும் என்றார்.

இப்போதிருக்கும் நாய்தான் எங்கள் வம்சத்தில் கடைசி. பதினான்காம் மாடியில் ஏழு குட்டிகளை வைத்துப் பிரசவம் பார்க்க என்னிடம் பாட்டி இல்லை என்பதால் அறுவை சிகிச்சை செய்தாயிற்று. ஆகவே குட்டி கேட்டு யாரும் எழுத வேண்டாம். முடி வேண்டுமானால் தருகிறேன், இரண்டு தலையணை உறை நிறைய இருக்கிறது. வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரவும். வாசலில் கோலி வீடு என்று கேட்டால் தம்பி காட்டுவான். பை நீங்களே கொண்டுவர வேண்டும்.